நான் சோப்பு என்று சொன்னது

1

பூனாவுக்கு வந்து இந்த ஆடியோடு இருபத்தாறு வருஷம். வருஷா வருஷம் அந்த நாள் வரும், போகும். சரோஜா பாயசம் வைப்பாள். குடித்துவிட்டு வேலைக்குப் போவேன். இந்த வருஷம் அப்படிப் போகவில்லை. ஒரு தேரையைப் பார்த்தேன். பார்த்ததிலிருந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. ஊர்க்காரர்கள் படிக்கிற பத்திரிகை, எழுதிக் கொடு என்று மச்சான் கேட்டார். எழுதுகிறேன். ஐந்தாவது வரைதான் படிப்பு. தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

கோர்படியில் ஒரு ரயில்வே குடியிருப்பில் எனக்கு வேலை. ஆறு பிளாக். வால்வு திறக்கிற வேலை. காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், ஏழு மணிக்கு நிற்கும். அதற்குள் ஆறு பிளாக்குக்கும் பிரித்துவிட வேண்டும். ஒரு பிளாக்குக்கு இருபது நிமிஷம். ஐந்து நிமிஷம் கூடக் கொடுத்தால் அடுத்த பிளாக்கில் சண்டை.

நடுவில் நாவல் மரத்தடியில் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி. நெஞ்சு உயரம். மேலே மூடி கிடையாது. உள்சுவரெல்லாம் பாசி. பின்னால் உபயோகம் இல்லாத குழாய் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். பக்கத்தில் வால்வுக் குழி. அதற்கு ஒரு இரும்பு மூடி. குழாய்த் தண்ணீர் வராத நாளில் எல்லாரும் இந்தத் தொட்டிக்குத்தான் வருவார்கள். குடிக்க இல்லை. குளிக்க, பாத்திரம் கழுவ, துணிக்கு. துவைக்கிற கல் பத்தடி தள்ளி இருக்கிறது. மொண்டு கொண்டுபோய் அங்கேதான் துவைக்க வேண்டும். தொட்டிக்குக் கிட்டே சோப்பு வரக்கூடாது. இங்கே அது ஒன்றுதான் சட்டம். அதைக் காப்பாற்றுகிற ஆள் நான்.

2

அந்தச் சட்டத்தை நான் எப்படிக் கற்றேன் என்று சொல்லிவிடுகிறேன்.

வந்த முதல் வாரம். இந்தத் தொட்டியில் சட்டையை முக்கிச் சோப்புப் போட்டுவிட்டேன். தர்மபுரிப் பக்கம் எங்கள் மோட்டார் ரூம் தொட்டி அப்படித்தான். பெண்கள் துவைப்பார்கள். ஆண்கள் குளிப்பார்கள். மாடு தண்ணீர் குடிக்கும். சுவரில் எப்போதும் நுரை ஒட்டியிருக்கும். தண்ணீர் வாய்க்காலில் ஓடிக் கடலைக்காட்டுக்குப் போய்விடும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இங்கே ஆறு பிளாக்கும் இறங்கி வந்துவிட்டது. என்ன திட்டினார்கள் என்று தெரியவில்லை. "சாபுன் நஹி, சாபுன் நஹி" என்பது மட்டும் காதில் விழுந்தது. சாபுன் என்றால் சோப்பு. நான் கற்ற முதல் இந்தி வார்த்தை அது. சோறு, தண்ணீர் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தொட்டியை முழுக்க இறைத்துத் தேய்த்தேன். தனியாள். மழை கொட்டுகிறது. அப்போதிருந்த வால்வுக்காரர் குடை பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத் தேய்க்கிறான் என்று அடுத்த மாதம் என்னையே உதவிக்கு வைத்துக்கொண்டார். எனக்கு வேலை கிடைத்தது அப்படி.

இருபத்தாறு வருஷத்தில் அந்தத் தொட்டியில் இன்னொரு தடவை சோப்பு விழுந்ததில்லை. அது எனக்குக் கொஞ்சம் பெருமைதான். மறைக்கவில்லை.

3

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. உள்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, வெள்ளையாக நுரை. இரண்டு கையால் அள்ளுகிற அளவு. தொட்டேன், ஒட்டியது. மோந்து பார்த்தேன், வாசனை இல்லை. சோப்புக்கு வாசனை இல்லாமல் இருக்குமா என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

துடைப்பத்தால் வழித்துக் கீழே தள்ளினேன். நுரைக்குள் ஜவ்வரிசியை விடச் சின்னதாக வெள்ளை உருண்டைகள். இந்தக் காலத்துச் சோப்புத் தூளில் கலர் கலராக உருண்டை வருகிறதே, அது என்று நினைத்தேன். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிச் சாக்கடைக்கு அனுப்பினேன்.

முந்தின நாள் சாயங்காலம் தொட்டியிலிருந்து கடைசியாகப் போனது ஷோபா. சி பிளாக், முதல் மாடி. குடிவந்து இரண்டு மாதம். கணவனுக்கு ரயில் யார்டில் வேலை. மழை குறைவான பீட் ஜில்லாப் பக்கத்து ஆட்கள். புது ஆள். கையில் துணி வாளி இருந்ததை நானே பார்த்தேன். வேறு என்ன வேண்டும்?

ஏழு மணிக்குப் பெண்கள் கூடி நிற்கும்போது கேட்டேன். மராட்டியில் அக்காவை 'தாயி' என்பார்கள். என்னை எல்லாரும் 'அண்ணா' என்பார்கள். தமிழன் என்றால் இங்கே வயது பார்க்காமல் அண்ணாதான்.

"ஷோபா தாயி, தொட்டியில் சோப்புப் போட்டது நீங்கதான்."

"மீ?" என்றாள். நானா என்று அர்த்தம். அப்புறம் நிதானமாகச் சொன்னாள். "அண்ணா, எங்க ஊருக்கு வெயில் காலத்தில் லாரியில்தான் தண்ணீர் வரும். குளிச்ச தண்ணியில் துணி அலசுவோம், அலசின தண்ணியைச் செடிக்கு ஊத்துவோம். நானா நல்ல தண்ணியில் சோப்பைக் கலக்குவேன்?"

"புதுசா வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். ஷோபா காலிக் குடத்தோடு மாடிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் தொட்டிப் பக்கம் வரவில்லை. குழாய் வராத நாளில் அவள் கணவன் வந்து இரண்டு வாளி எடுத்துப்போனான். என்னைப் பார்க்காமல் வந்து பார்க்காமல் போனான்.

நான் அதோடு விடவில்லை. சூப்பர்வைசர் ஜாதவ் சாபிடம் போய்ப் புகார் கொடுத்தேன். எனக்கு மராட்டி எழுத வராது. நான் சொல்லச் சொல்ல அவர் புத்தகத்தில் எழுதினார். பெயர், ரூம் நம்பர், குற்றம். கீழே நடவடிக்கை: வருகிற திங்கட்கிழமை தொட்டியைக் காலி செய்து பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

4

வியாழக்கிழமை. காலை ஐந்து மணி. ஏ பிளாக் வால்வைத் திறந்துவிட்டு டார்ச்சோடு தொட்டிப் பக்கம் வந்தேன். லேசான தூறல். சுவரில் டக் டக் டக் என்று ஒரு சத்தம். மரத்தில் விரலால் தட்டுகிற மாதிரி. எட்டிப் பார்த்தேன்.

தேரை. பெரிய தேரை. என் நான்கு விரல் அகலத்துக்கு இருந்தது. காய்ந்த தேக்கிலை நிறம். விரல் நுனி ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் மாதிரி வட்டம். அந்தப் பொத்தானை வைத்து வழுக்குச் சுவரில் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. முதுகில் ஒரு சின்னத் தேரை. அது ஆண். பக்கத்தில் இன்னொரு ஆண், எனக்கும் இடம் கொடு என்று முட்டிக்கொண்டிருக்கிறது.

பெரியது பின்னங்காலை மடக்கி, விரித்து, மடக்கி, விரித்து அடிக்கிறது. தொடையின் உள்பக்கம் மஞ்சள் புள்ளி, மின்னி மின்னி மறைகிறது. கால் நடுவில் நுரை பொங்குகிறது. மோர் கடைகிற மாதிரி. கடையக் கடைய நுரை ஏறுகிறது. வெள்ளை வெளேர் என்று. வாசனை இல்லாத நுரை.

தேரையைத் தெரியாதவனா நான்? ஊரில் குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும், துடைப்பத்தால் தள்ளுவோம். இங்கேயும் அப்படித்தான். அந்த வால்வுக் குழியின் மூடியைத் திறந்தால் உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கும். மழைக்காலமெல்லாம் இருக்கும். நகரு என்று வால்வுச் சாவிக் கம்பியால் தட்டுவேன், நகரும். அவ்வளவுதான் பழக்கம். அது எங்கே முட்டை இடும், எப்படிக் குஞ்சு வரும் என்று ஐம்பத்து நான்கு வயது வரைக்கும் ஒரு நாள் கேட்டதில்லை. தொங்குகிற நுரையில் முட்டை! கீழே தண்ணீர்! யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்.

நின்றேன். அப்படியே நின்றேன். ஏ பிளாக்குக்கு அன்றைக்கு முப்பத்தைந்து நிமிஷம் தண்ணீர் போனது. பி பிளாக்கில் கத்தினார்கள். கத்தட்டும்.

வெளிச்சம் வந்தபோது பெரியது மெதுவாக இறங்கி அந்தப் பழைய குழாய்க்குள் போய்விட்டது. நுரை மட்டும் சுவரில் தொங்கியது. அப்போதுதான் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. ஜவ்வரிசி. என் துடைப்பம். நான் வழித்துத் தள்ளியது எத்தனை உயிரோ தெரியாது.

5

வீட்டுக்கு ஓடினேன். நான் ஓடிப் பல வருஷம் ஆகிறது. மகள் பூரணி பூனாவிலேயே ஔந்த் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவாள், இருட்டினபின் வருவாள். சிநேகிதிகளோடு மராட்டி, வேலையில் இங்கிலீஷ், எங்களோடு மட்டும் தமிழ். அதுவும் தேடித்தேடிப் பேசுவாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு குறைவு. சாப்பிட்டாயா, வண்டியில் பெட்ரோல் இருக்கா, அதோடு சரி.

அன்றைக்கு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். கால் அடித்ததை என் கையாலேயே செய்து காட்டினேன்.

"அப்பா, நீங்க இவ்ளோ பேசி நான் பார்த்ததே இல்ல" என்றாள். தேரை என்ற சொல் அவளுக்குத் தெரியவில்லை. 'பேடூக்' என்றாள், மராட்டியில் தவளை. மரத்தில் இருக்கிற பேடூக். போனில் படம் பிடித்து, அதிலேயே தேடி, படித்துச் சொன்னாள். நான்கு ஐந்து நாளில் குஞ்சு வெளியே வரும். நுரை இளகித் தண்ணீரில் விழும். கீழே தண்ணீர் இல்லையென்றால் செத்துவிடும். கால் முளைத்து வெளியே வர இரண்டு மாதம் ஆகும்.

நான் விரல் விட்டு எண்ணினேன். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். திங்கட்கிழமை தொட்டியைக் காலி செய்யப் புகார் கொடுத்தவன் நான்.

பூரணி போனைப் பைக்குள் வைத்தாள். "அப்போ ஷோபா ஆன்ட்டி சோப்பு போடல."

"இல்ல."

"அவங்க பேரு புக்ல இருக்கா?"

"இருக்கு."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சரோஜாவிடம் சொன்னேன். தேரை பட்டால் தேங்காய் கெட்டுவிடும், வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அப்புறம் அவளே இரண்டு தடவை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

6

வெள்ளிக்கிழமை ஜாதவ் சாபிடம் போனேன். கூடு என்பதற்கு எனக்கு இந்தி தெரியாது. தவளை வீடு கட்டியிருக்கிறது, இரண்டு மாதம் விட்டுவைக்க வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வீடு ஒதுக்குகிற அதிகாரம் தனக்கு இல்லை, மேலே எழுதிக் கேட்க வேண்டும் என்றார். பூரணியின் போன் இருந்தால் படம் காட்டியிருப்பேன். என் போனில் படம் வராது. கையால் செய்து காட்டினேன். ஆபீஸில் எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

புரிந்தபின் சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் புத்தகம் என்று ஒன்று இருக்கிறதே. புகார் எழுதியாகிவிட்டது, நம்பர் போட்டாகிவிட்டது, சுத்தம் செய்கிற ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது. நிறுத்த வேண்டுமென்றால் புகாரை வாபஸ் வாங்க வேண்டும். அதற்கு ஒரு பக்கம் தனியாக இருக்கிறது. புகார் கொடுத்தவர் கையெழுத்து, புகாருக்கு ஆளானவர் கையெழுத்து, காரணம், தேதி. நான்கு கட்டமும் நிரம்ப வேண்டும்.

"உன் கையெழுத்து மட்டும் போதாது அண்ணா. அந்த அம்மாவும் போடணும்" என்றார்.

7

சனிக்கிழமை சாயங்காலம் சி பிளாக் மாடி ஏறினேன். ஷோபா கதவைத் திறந்தாள். உள்ளே கணவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது. "ஒரு கையெழுத்து வேணும் தாயி" என்றேன்.

"என் பேரை எழுதினப்ப என் கையெழுத்தைக் கேட்டீங்களா?"

கதவு மூடியது. சத்தமாக மூடவில்லை. மெதுவாகத்தான்.

பூரணி வந்ததும் கேட்டாள், மன்னிப்புக் கேட்டீர்களா என்று. கையெழுத்துக் கேட்டேன் என்றேன். "அப்பா" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு தமிழ் வார்த்தையை அவள் நன்றாகச் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தொட்டிப் பக்கமே இருந்தேன். நுரையின் மேல்தோல் காய்ந்து அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. அடிப்பக்கம் மட்டும் ஈரம். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே நூல் நூலாக ஏதோ நெளிகிறது. உயிர்! அங்கே வந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். டி பிளாக் கிழவர் ஒருவர், அண்ணாவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறது போல என்று கேலி செய்தார். செய்யட்டும் என்றிருந்தேன். சி பிளாக் மாடியை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

8

திங்கட்கிழமை குழாயில் தண்ணீர் வரவில்லை. விடிகாலையிலிருந்து நல்ல மழை. எட்டு மணிக்குச் சுத்தம் செய்கிற ஆட்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். பிரஷ், பிளீச்சிங் பவுடர் வாளி. பின்னாலேயே ஜாதவ் சாப், கக்கத்தில் புத்தகம், தலைக்குமேல் குடை. பெண்கள் குடத்தோடு நின்றார்கள், காலியாக்குவதற்கு முன் மொண்டுகொள்ளலாம் என்று.

தொட்டித் தண்ணீரை வெளியே விடுகிற வால்வு குழிக்குள் இருக்கிறது. கையால் திறக்க முடியாது. சாவி வேண்டும். சாவி என்றால் நான்கு அடி இரும்புக் கம்பி. அது என்னிடம்தான் இருக்கும்.

"திற அண்ணா" என்றார் ஜாதவ் சாப்.

"திறக்க மாட்டேன்."

"சாவி எங்கே?"

"கையில இருக்கு. திறக்க மாட்டேன்."

எனக்கே அந்தக் குரல் புதுசாக இருந்தது. இருபத்தாறு வருஷமாக நான் ஒப்பந்த ஆள். நாளைக்கு வராதே என்றால் முடிந்தது. திற என்றால் திறப்பேன், மூடு என்றால் மூடுவேன். இல்லை என்று சொன்னதே கிடையாது. சுத்தம் செய்ய வந்தவர்கள் பிரஷைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஜாதவ் சாப் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வாபஸ் பக்கத்தை நிரப்பிக்கொடு, நான் போகிறேன், இல்லாவிட்டால் மேலே நான் பதில் சொல்ல வேண்டும், கடைசித் தடவை சொல்கிறேன் என்றார்.

அப்போது பார்த்தேன். பெண்களுக்குப் பின்னால் படிக்கட்டு ஓரத்தில் ஷோபா. கையில் வாளியும் குடமும். கணவன் வேலைக்குப் போய்விட்டான் போல. தண்ணீர் வேண்டுமே, இறங்கித்தானே ஆக வேண்டும்.

என் இந்தியும் மராட்டியும் கலந்து எப்படி வந்ததோ தெரியாது. சொல்லிவிட்டேன்.

"ஷோபா தாயி. அது சோப்பு இல்ல. நீங்க போடல. நான் சரியாப் பாக்காம, புது ஆளுன்னு உங்க மேல போட்டேன். எல்லார் முன்னாலயும் சொன்னேன். அதனால எல்லார் முன்னாலயும் சொல்றேன். தப்பு என்னுது."

பி பிளாக் பெண் ஒருத்தி, அண்ணாவுக்குக்கூட இவ்வளவு நீளமாகப் பேச வருமா என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

ஷோபா வாளியையும் குடத்தையும் கீழே வைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. தொட்டிப் படியில் ஏறி உள்ளே குனிந்தாள்.

மழையில் நுரை இளகியிருந்தது. அடிப்பக்கம் சொட்டுச் சொட்டாகக் கழன்றுகொண்டிருந்தது. ஒரு சொட்டு விழுந்தது. தண்ணீரில் பட்டதும் அந்தச் சொட்டிலிருந்து ஒரு சின்ன நூல் பிரிந்து வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் மூன்று நான்கு சேர்ந்து. நானும் அப்போதுதான் பார்க்கிறேன். ஐந்து நாளாகக் காத்திருந்தது அதற்குத்தான். அவள் பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று தமிழில் எண்ணிக்கொண்டிருந்தேன், சத்தமாக. எனக்கே தெரியவில்லை.

ஷோபா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் திரும்பி ஜாதவ் சாபிடம் கையை நீட்டினாள். பேனாவைக் கொடுங்கள் என்றாள்.

அவர் புத்தகத்தைக் குடைக்கு அடியில் பிடித்தார். நான் போட்டேன். அவள் போட்டாள். இரண்டு கட்டம் நிரம்பியது.

"காரணம் என்ன எழுத?" என்றார் ஜாதவ் சாப். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஷோபா சொன்னாள். "'பாளந்தபண்'னு எழுதுங்க."

மராட்டியில் பிரசவம் என்று அர்த்தம்.

"தாயி, தண்ணித் தொட்டிப் புத்தகத்தில இப்படி ஒரு காரணம் கிடையாது."

"பிரசவ வீட்டைக் காலி பண்ணுவீங்களா சாப்? எங்க பக்கம் நாப்பது நாள் தொடமாட்டோம்."

நான் இரண்டு மாதம் என்று விரலைக் காட்டினேன். அவள், சரி, தசரா முடியட்டும் என்றாள். ஜாதவ் சாப் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொட்டிக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். எழுதினார். காரணம்: பிரசவம். தேதி: தசராவுக்குப் பின். சுத்தம் செய்கிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பெண்கள் மொள்ள ஆரம்பித்தார்கள். ஷோபாவும் வாளியை இறக்கினாள். ஆறு நாளைக்கு அப்புறம். மேலே எடுத்து உள்ளே பார்த்தாள். இரண்டு நெளிந்தன. திருப்பி ஊற்றினாள். மறுபடி மொண்டாள், அதிலும் ஒன்று. அதையும் திருப்பி ஊற்றினாள். இப்படியே போனால் அவள் வீட்டில் அன்றைக்குப் பாத்திரம் கழுவ முடியாது.

"அண்ணா" என்றாள். "துணி பிடிங்க."

தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் குடத்து வாயில் விரித்துப் பிடித்தேன். அவள் ஊற்றினாள். துண்டில் மூன்று துள்ளின. நான் மெதுவாக மடித்து எடுத்துப்போய்த் தொட்டிக்குள் அலசிவிட்டு வந்து மறுபடி விரித்தேன். அவள் அடுத்த வாளியோடு நின்றிருந்தாள்.